பழைய வால்வா, புதிய டிரான்சிஸ்டரா?

வால்வின் காலம் மலையேறிவிட்டது என்போர் சிலாபத்திற்குத் தெற்கேயுள்ள இரணவிலையை மறந்துவிடுகின்றனர். அங்கு இயங்கிய 'அமெரிக்காவின் குரல்' அஞ்சல் நிலையம் 2016-ஆம் ஆண்டில்தான் ஓய்ந்தது. அத்தகைய பெரும் சிற்றலை நிலையங்களில் இலட்சக்கணக்கான வாட் ஆற்றலை வானில் வீசுவதற்கு வால்வுகளே பெரிதும் துணை. வீடுகளிலோ டிரான்சிஸ்டர் குடியேறி அரை நூற்றாண்டிற்கு மேலாகின்றது. ஆயினும், தென்னந்தோட்டத்துப் பழைய வீடுகள் சிலவற்றில், தாத்தா வாங்கிய ரேடியோகிராம் இன்னும் துணி போர்த்தபடி நிற்கின்றது. அதனைச் செப்பனிடுவதா, விற்பதா என்ற பேச்சு எழுந்தால், "அந்தக் காலத்து நாதம் இப்போது ஏது?" என்று பெரியவர்கள் கேட்பர், இளைஞர்கள் நகைப்பர். நியாயம் யார் பக்கம்?

ஆம்பிளிபயரின் பணி எளிதில் சொல்லக்கூடியது. இசைத்தட்டின் ஊசியிலிருந்து வரும் நுண்ணிய மின் அலையை, அதன் உருவம் சிதையாமல் பெரிதாக்கி, ஒலிபெருக்கியை அசைக்க வேண்டும், அவ்வளவே. இதற்கு 1906-இல் லீ டி பாரஸ்ட் அமைத்த மூன்று முனை வால்வு வழிகாட்டிற்று. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. ஆனால் ஆரம்பகால டிரான்சிஸ்டர் ஆம்பிளிபயர்கள் பலவற்றில் ஒரு குறை இருந்தது. அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் சுமக்கும். ஒன்று விட்டு மற்றது ஏற்கும் சந்தியில் சிறு தடுக்கல் நேரும். மெல்லிய ஆலாபனையிலேதான் அது காதை அதிகம் உறுத்தும். ஆகவே பெரியவர்களின் வெறுப்பு ஆதாரமற்றதன்று.

வால்வுக்கு இன்னொரு குணமும் உண்டு. சக்திக்கு மீறிய ஒலியைக் கொடுத்தால் அது அலையின் முகட்டை மெல்ல வளைக்கும். டிரான்சிஸ்டரோ கத்தியால் சீவியதுபோல வெட்டிவிடும். மேலும் பல வால்வுக் கருவிகள் ஒலிபெருக்கியைச் சற்றுத் தளர்வாகவே பிடித்திருக்கும். அதனால் மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் கொழுத்து ஒலிக்கும். கேட்க இனிதுதான், ஆனால் வித்துவான் வாசித்தது அதுவன்று!

இந்த வழக்கை நேரிலே விசாரித்துப் பார்த்தவர்களும் உளர். இங்கிலாந்தில் பீட்டர் வாக்கர் நிறுவிய குவாட் கம்பனி 1953-இல் 15 வாட் வால்வுக் கருவியையும், 1967-இல் '303' என்ற டிரான்சிஸ்டர் கருவியையும், 1975-இல் '405' என்பதையும் வெளியிட்டது. மூன்றையும் எது எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்து ஜேம்ஸ் மோயர் என்னும் நிபுணர் நடத்திய சோதனையின் முடிவு 1978-இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் வெளியாயிற்று. கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. அவர்களுடைய விடைகள் குருட்டு ஊகத்திற்கு மேல் செல்லவில்லை. செம்மையாக அமைந்த கருவி, தன் சக்திக்குள் இயங்கும்வரை, வால்வாயினும் டிரான்சிஸ்டராயினும் ஒன்றே என்பது நம் அபிப்பிராயமும் ஆகும்.

சிலாபத்துக் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். உப்புக் காற்று கருவியின் இணைப்புகளை அரிக்கும். பழைய மின்தேக்கிகள் வறண்டு இரைச்சல் கிளப்பும். நாம் கேட்கும் "பழைய நாதத்தில்" பாதி இந்த முதுமையின் முனகலாகவும் இருக்கலாம். மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வால்வுப் பெட்டியினுள் பல நூறு வோல்ற் மின்சாரம் உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அது மின்தேக்கிகளில் தங்கியிருந்து உயிரைப் பறிக்கக்கூடும். பின்பலகையைத் திறப்பதைத் தேர்ந்த தொழிலாளரிடமே விடுங்கள்.

பழங்கருவிக்குப் பெரும்பணம் கொடுக்க ஆசைப்படுவோர் முதலில் ஒன்று செய்யலாம். பழையதையும் புதியதையும் ஒரே ஒலிபெருக்கியில், ஒரே ஒலியளவில் அமைத்து, திரைக்குப் பின்னாலிருந்து வேறொருவர் மாற்றித்தரக் கேட்கட்டும். ஒலியளவு சமமாயிருத்தல் முக்கியம். சற்றே உரத்தது எப்போதும் இனிதாகவே தோன்றும். பத்துத் தடவையில் ஒன்பது தடவை சரியாகச் சொல்பவருக்கு வால்வு வாங்கிக் கொடுக்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் நல்ல ஒலிபெருக்கி ஒரு சோடி வாங்குவார்களாக.