பழைய மலைப்பாதைகளுக்குப் புத்துயிர் அளிப்போம்

ஈப்போ நகருக்கு மேற்கே, மெங்லெம்புவை ஒட்டி உயர்ந்து நிற்பது கிளேடாங் மலை. ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள இம்மலையில் நடைப்பயிற்சி செய்வோரையும் மிதிவண்டியில் ஏறுவோரையும் காணலாம். பேராக்கில் நம்மவர் அறிந்த பாதைகள் இன்னும் பல உண்டு. பால்மரம் சீவச் சென்றோர் வாளிகளைத் தாங்கிய மிதிவண்டிகளை உருட்டிச் சென்ற ஒற்றையடிப் பாதைகளே அவை. தோட்டங்கள் பல செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புத் திட்டங்களாகவும் மாறிவிட்டதால், அப்பாதைகளுள் பல லாலாங் புல்லுக்குள் மறைந்து கிடக்கின்றன.

மலைமிதிவண்டி விளையாட்டு 1970ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வளர்ந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியில் இடம்பெற்றது. இதற்குத் திடல் வேண்டா. நல்ல பாதை ஒன்றிருந்தால் போதும்.

பாதை கெடுவது ஏன்?

பாதையின் முதற்பகைவன் மழைநீரே. சரிவில் நேர்கீழாக இறங்கும் பாதை, பெருமழையின்போது வாய்க்காலாக மாறிவிடுகிறது. சக்கரம் பதிந்த தடத்தில் நீர் ஓடி மண்ணை அரிக்கிறது, வேர்கள் வெளிப்படுகின்றன. பள்ளத்திற்கு அஞ்சி மிதிவண்டியோட்டிகள் ஓரமாகச் செல்வதால் பாதை அகன்று, புதிய இடமும் கெடுகிறது. அரிக்கப்பட்ட மண் ஓடையிற் சேர்ந்து நீரைக் கலக்குகிறது.

சீர்ப்படுத்தும் முறை

முதலாவதாக, மழை பெய்து ஓய்ந்தவுடன் பாதையில் நடந்து, நீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். புல்லை வெட்டுவது அதற்குப் பின்னரே.

இரண்டாவதாக, நேர்கீழாக இறங்கும் பகுதியைக் கைவிட்டு, மலைச்சரிவுக்குக் குறுக்காகப் புதிய தடம் அமைத்தல் வேண்டும். பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் பாதிக்கு மேற்படலாகாது. பொதுவாக 100 மீட்டர் தூரத்திற்கு 10 மீட்டர் ஏற்றமே தக்கது.

மூன்றாவதாக, பாதையின் வெளியோரம் உள்ளோரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்திருத்தல் வேண்டும். ஆங்காங்கே பாதை மெல்லத் தாழ்ந்து மீண்டும் எழுமாறு அமைத்தால், தாழ்ந்த இடத்தில் நீர் வெளியேறிவிடும். கைவிட்ட தடத்தைக் கிளைகளும் கட்டைகளும் இட்டு மூடினால் செடிகள் மீண்டும் வளரும்.

இவை தோட்ட மக்களுக்குப் புதியவையல்ல. மேட்டு நிலத்தில் மட்டம் பார்த்துப் படிவரிசை வெட்டியவர்களும், மண் வழிந்தோடாதிருக்க மூடுபயிர் வளர்த்தவர்களும் நம் பெரியவர்களே. வேறுபாடு ஒன்றே: மண்ணையும் நீரையும் தேக்குவதற்காகப் படிவரிசையை உட்புறம் சாய்த்தனர், நீரை வெளியேற்றுவதற்காகப் பாதையை வெளிப்புறம் சாய்க்கிறோம். எந்தச் சரிவில் நீர் எப்படி ஓடும் என்பதை அவர்களிடம் கேட்டறிவதற்கு இதுவே தருணம். அவர்கள் காலத்திற்குப் பின் அவ்வறிவைத் தேடிப் பெறுதல் அரிது.

முன்னுதாரணம்

கோலாலம்பூரிலுள்ள புக்கிட் கியாரா ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. அங்குள்ள மிதிவண்டிப் பாதைகளைத் தன்னார்வலர்கள் பல்லாண்டுகளாக அமைத்தும் பழுதுபார்த்தும் வந்துள்ளனர். மிகுந்த பொருட்செலவின்றி, மண்வெட்டியும் பாராங்கும் ஒற்றுமையும் கொண்டு செய்யக்கூடிய பணி இது என்பதற்கு அதுவே சான்று.

கவனிக்க வேண்டியவை

எவ்விடத்திலும் அனுமதியின்றி மண்ணைத் தொடலாகாது. தோட்டமாயின் நிருவாகத்தையும், வனக் காப்பிடமாயின் மாநில வனத்துறையையும், பொதுப் பூங்காவாயின் ஊராட்சி மன்றத்தையும் முதலில் அணுகுதல் வேண்டும். மழைக்குப் பின் மண் இறுகும் வரை மிதிவண்டி ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும். மேலேறி வருவோருக்கும் நடப்போருக்கும் வழிவிடுதல் நற்பண்பாகும்.

இளைஞர் மன்றங்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கோத்தோங்-ரோயோங் பணிக்கு ஒதுக்கினால், மறைந்துபோன பாதைகள் படிப்படியாக மீளும். பாட்டனார் பிழைப்புக்காக நடந்த வழியிலே பேரப்பிள்ளைகள் மகிழ்ச்சியுடன் மிதிவண்டி ஓட்டுவராயின், அவ்வுழைப்புக்கு நாம் செய்யும் நன்றிக்கடன் அதுவேயாகும்.