ஏரிக்கு எத்தனை எஜமானர்?

காஞ்சீபுரத்துக்குத் தெற்கே உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் கோயில் மண்டபச் சுவரில் இன்றும் காணப்படுகின்றன. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவற்றைக் குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாக நாம் மேடைதோறும் பெருமையுடன் எடுத்தோதுகிறோம். ஆனால் அவை கூறும் மற்றொரு விஷயத்தை மறந்துவிடுகிறோம். அவ்வூர்ச் சபையார், ஏரியைப் பேணுவதற்கென்றே ஆறு பேர் கொண்ட ஏரி வாரியத்தை ஆண்டுதோறும் அமைத்தனர். முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் எழுதவும் கூடாது என்று விதித்தனர். ஏரி கெட்டால் யாரைக் கேட்பது என்று அவ்வூர் ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று காஞ்சிவாசிகளுக்கு அது தெரியாது.

காஞ்சியைத் தழுவியோடித் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கும் வேகவதியைப் பார்மின். நகரின் சாக்கடையும் சாயக் கழிவும் அதிற் சேருகின்றன. கரைகளை ஆக்கிரமிப்புகள் நெருக்குகின்றன. நத்தப்பேட்டை ஏரியும் கழிவு நீருக்கு இரையாயிற்று. பட்டுக்குச் சாயமேற்ற நல்ல தண்ணீர் வேண்டும் என்பதை நெசவாளர் அறிவர். நகரத்தின் தொழிலே அதன் நீரைக் கெடுப்பது தன் கையால் தன் பாவை அறுப்பதற்கு ஒப்பாகும். யாரிடம் முறையிடுவது? கரையும் மதகும் நீர்வள இலாகாவைச் சேர்ந்தவை. நிலக் கணக்கு வருவாய் இலாகாவிடம் உள்ளது. சாக்கடை மாநகராட்சியின் பொறுப்பு. சாயக் கழிவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விஷயம். பறவை வன இலாகாவுக்கு உரியது. கோயிற் குளம் அறநிலைய இலாகாவின் கீழ் வரும். எஜமானர் பலர், காவலர் ஒருவருமில்லை.

சட்டமாவது துணை நிற்கிறதா? சதுப்பு நிலங்களைப் பாதுகாக்க மத்திய சர்க்கார் 2017-இல் விதிகள் செய்தது. ஒவ்வொரு மாகாணத்திலும் பல இலாகாக்களின் செயலாளர்கள் ஒருங்கே அமரும் ஆணையம் அவ்விதிகளால் ஏற்பட்டது. இது வரவேற்கத் தக்கதே. ஆயின் சதுப்பு நிலம் எது என்று வரையறுக்குமிடத்தில், ஆற்றுப் போக்குகளையும், பாசனத்துக்கென்றும் குடிநீருக்கென்றும் மனிதர் அமைத்த நீர்நிலைகளையும் விலக்கிவிட்டது. வேகவதி ஆறு, நத்தப்பேட்டை பாசன ஏரி. ஏரிகளாலேயே பெயர் பெற்ற இப்பிரதேசத்தின் நீர்நிலைகளில் பெரும்பாலானவை இவ்வரையறைக்குப் புறம்பாய்ப் போயின. 1971-இல் ராம்சாரில் ஏற்பட்ட சர்வதேச உடன்படிக்கையோ, இயற்கையாயினும் செயற்கையாயினும் சதுப்பு நிலம் சதுப்பு நிலமே என்கிறது. அதில் இந்தியாவும் அங்கம் வகிக்கிறது.

மனிதர் அமைத்த ஏரியில் பறவைகள் வாழா என்பாருக்கு வேடந்தாங்கலே மறுமொழி. அதுவும் பாசன ஏரிதான். 1798-இல் அவ்வூர்க் குடியானவர்கள் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, பறவைகளைச் சுடலாகாது என்று உத்தரவு பெற்றனர். நாரையும் நீர்க்காகமும் எச்சமிட்ட தண்ணீர் வயலுக்கு எருவாவதை அவர்கள் கண்டறிந்திருந்தனர். அவ்வேரி 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. 2019-இல் ஜில்லா பிரிந்தபோது வேடந்தாங்கல் செங்கற்பட்டைச் சேர்ந்தது; ஆனால் இரை தேடும் பறவை ஜில்லா எல்லையை அறியாது. சுற்றுப்புறத்து ஏரிகள் பாழானால் வேடந்தாங்கல் மட்டும் எங்ஙனம் தழைக்கும்?

காலந்தாழ்ந்து விழித்தால் நேர்வது யாதென்பதற்குச் சென்னையை அடுத்த பள்ளிக்கரணை சான்று. பல ஆயிரம் ஹெக்டேர் பரந்திருந்த அச்சதுப்பைக் குப்பை மேடும் கட்டடங்களும் விழுங்கிய பின்னரே, 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக் காடாக வன இலாகாவின் வசமாயிற்று. அதற்கும் 2022-இல் ராம்சார் தகுதி கிடைத்தது. எஞ்சியதைக் காக்கும் பணி பாராட்டத் தக்கதே, இழந்தது மீளாது.

காஞ்சிக்கு இந்தக் கதி வேண்டாம். ஐந்து ஆண்டுகளில் 100 சதுப்பு நிலங்களைச் சீர்படுத்துவதென்று 2021-இல் மாகாண சர்க்கார் இயக்கம் ஒன்றை அறிவித்தது. அந்நோக்கம் மெய்யாக வேண்டுமானால் காஞ்சிக்கெனத் தனியே ஓர் ஏரி வாரியம் வேண்டும். மேற்சொன்ன இலாகாக்கள் ஆறும், ஆயக்கட்டு விவசாயிகளும், நெசவாளர் பிரதிநிதிகளும், கல்லூரி ஆராய்ச்சியாளரும் அதில் ஒருங்கே அமர வேண்டும். முதலாவது, எந்த ஏரியின் கலங்கல் எந்த ஏரிக்குச் செல்கிறது, எங்கே அடைபட்டிருக்கிறது, எப்பறவை எங்கே தங்குகிறது என்பதை ஆராய்ந்து அறிய வேண்டும். அறியாமல் தூர்வாரினால் நாணற் புதரும் கூடும் கரையோரச் சேறும் ஒருங்கே அழியும். ஆற்றங்கரை ஏழைகளை மாற்றுக் குடியிருப்பின்றி அகற்றுவதும், பெரிய ஆக்கிரமிப்பைக் கண்டும் காணாதிருப்பதும் நியாயமாகா. சிறு சாயப்பட்டறைக்காரர்களைத் தண்டிப்பதற்கு முன் அவர்களுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைத்துக் கொடுத்தல் வேண்டும்.

இவை யாவற்றினும் மேலாக, அவ்வாரியம் ஆண்டுதோறும் ஜனங்கள் முன் கணக்குக் காட்ட வேண்டும். நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் கல்லில் எழுதி வைத்ததையே கேட்கிறோம். பொது ஊழியர்களே, உத்திரமேரூர்ப் பெருமையை மேடையில் பேசியது போதும். நத்தப்பேட்டைக் கரையில் நின்று கணக்குக் கேளுங்கள்!