ஜைத்தூன் நிழலில் ஒரு கல்லூரி

நம் பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அருளப்பெற்ற முதல் வஹீயே ஓதுமாறு பணிக்கும் கட்டளையாக இருந்தது. ஆயினும் இன்று நம் இல்லங்களில் பிள்ளையின் மேற்படிப்பு பற்றிய பேச்செழுந்தால், என்ன வேலை கிடைக்கும் என்பதே முதற் கேள்வியாகிறது. இதைக் கற்றால் என் பிள்ளை எத்தகைய மனிதனாவான் என்று கேட்போர் நம்மில் எத்தனை பேர்? அவ்வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்ட மாணவர் சிலரின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், பெர்க்லி நகரில் இருக்கிறது ஜைத்தூனா கல்லூரி. ஹம்ஸா யூசுஃப், ஜைத் ஷாகிர், ஹாத்தம் பஸியான் ஆகிய மூவர் இதனை நிறுவினர். துனீஸ் நகரில் பன்னூறு ஆண்டுகளாக அறிவொளி பரப்பிய ஜைத்தூனா பள்ளிவாசலின் பெயரே இதற்கும் சூட்டப்பெற்றது. 2010-ஆம் ஆண்டு முதல் வகுப்புத் தொடங்கியபோது சேர்ந்தவர்கள் ஆணும் பெண்ணுமாகப் பதினைந்து பேரே. சொந்தக் கட்டடம்கூட அன்று இல்லை. கிறித்தவ இறையியல் கல்லூரி ஒன்றில் வாடகைக்குப் பெற்ற அறைகளிலேயே பாடங்கள் நடைபெற்றன.

அங்கு கற்பிக்கப்படுவது 'லிபரல் ஆர்ட்ஸ்' எனப்படும் கல்விமுறை. ஒரு தொழிலுக்கு மட்டும் ஆளைத் தயாரிப்பதன்று, சிந்திக்கவும் பேசவும் நன்மை தீமை பிரித்தறியவும் பழக்குவதே இதன் நோக்கம். இலக்கணம், தர்க்கம், சொல்லாட்சி ஆகிய மூன்றும் இதன் அடித்தளங்கள். நம் அரபிக் கல்லூரிகளில் ஓதிக் கொடுக்கப்படும் நஹ்வும் மன்திக்கும் பலாகாவும் இவையே அன்றோ? இவற்றோடு ஃபிக்ஹும் அகீதாவும் ஒருபுறம், அமெரிக்க வரலாறும் அரசியலும் மறுபுறம் என இரு கரைகளையும் தொட்டு ஓடுகிறது அக்கல்வி.

பதினைந்து பேர் கொண்ட வகுப்பின் இயல்பைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பின் வரிசையில் மறைந்திருக்க அங்கு இடமில்லை. பாடத்தைப் படிக்காமல் வந்தவனை ஆசிரியர் உடனே அறிவார். கருத்து வேறுபட்டவனோடு நாளும் ஒரே அறையில் அமர்ந்து கற்க வேண்டும்; ஆகவே வாதத்திலும் அதபு பேணியாக வேண்டும். இந்த முதலாண்டு மாணவர்களோடு பழகி அவர்களைக் கூர்ந்து நோக்கிய எழுத்தாளர் ஸ்காட் கோர்ப், முஸ்லிம் அல்லாதவர். எனினும் அவர்களைப் பற்றி ஒரு நூலே எழுதி 2013-இல் வெளியிட்டார்.

அம்மாணவர்கள் ஏற்ற சோதனை சிறிதன்று. அவர்கள் சேர்ந்த காலத்தில் அக்கல்லூரிக்குத் தகுதி அங்கீகாரம் கிடையாது. அமெரிக்காவில் அங்கீகாரம் பெறாத கல்லூரியின் பட்டம் மேற்படிப்புக்கும் வேலைக்கும் தடையாகலாம். பெற்றோர் கவலையுற்றிருந்தால் அது இயல்பே. 2014-இல் முதல் அணியினர் பட்டம் பெற்றபோதும் அந்த அங்கீகாரம் வரவில்லை. 2015 மார்ச் மாதத்திலேதான் வந்தது. அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற முதல் முஸ்லிம் கல்லூரி என்னும் சிறப்பும் அதனோடு சேர்ந்தது.

இதிலே நமக்கு இரு பாடங்கள் உண்டு. சான்றிதழ் வருமுன்பே கல்வியின் மதிப்பை உணர்ந்தவர்கள் அம்மாணவர்கள். அதேவேளை, கல்வி உயர்ந்ததென்று கூறிச் சான்றிதழை அலட்சியம் செய்யவில்லை அக்கல்லூரி. ஐந்தாண்டுகள் பாடுபட்டு அதனைப் பெற்றது. ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் வைக்குமாறு பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய வழியும் இதுவேயாகும்.

பெற்றோர்களே! நம் பிள்ளைக்குக் கல்லூரி தேடும்போது கட்டணத்தையும் வேலைவாய்ப்பையும் கேளுங்கள். அது உங்கள் பொறுப்பு. அத்துடன், அங்கே ஆசிரியர் மாணவனைப் பெயர் சொல்லி அறிவாரா, அவன் குணம் வளருமா என்றும் கேளுங்கள். பட்டம் சுவரிலே தொங்கும். குணமோ கப்ரு வரை உடன் வரும். பயனுள்ள கல்வியை நம் மக்களுக்கு வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.