ஏலி கண்டது பாதி



சீலோவிலே ஆலய வாசலருகே உட்கார்ந்திருந்த ஆசாரியனாகிய ஏலி, அன்னாள் ஜெபிப்பதைக் கவனித்தான். அவளுடைய உதடுகள் அசைந்தன, சத்தமோ கேட்கவில்லை. அவள் குடித்திருக்கிறாள் என்று எண்ணிக் கடிந்துகொண்டான் (1 சாமுவேல் 1). ஏலி கண்டது மெய்தான். ஆனால் அது பாதி. மீதியைத் தானே இட்டு நிரப்பிக்கொண்டான். அவசரத் தீர்ப்பு இப்படித்தான் பிறக்கிறது.

மருத்துவ ஊழியத்தை ஆதரிக்கும் உங்களுக்கு இது எளிதில் விளங்கும். நீரிழிவு உள்ளவருக்கு இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்தால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். தெருவில் பார்ப்பவர்கள் குடிகாரன் என்று ஒதுங்கிப் போவார்கள். மருத்துவரோ விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்துப் பார்க்கிறார். அந்தச் சிறு பொறுமை ஓர் உயிரையே காப்பாற்றக்கூடும்.

நம்முடைய ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் தொழிற்பகுதியிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. 2021 டிசம்பர் 17-ந் தேதி இரவு, ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. வண்டிக்குள் இருப்பவருக்குத் தெரிவது மறியல் ஒன்றுதான். “வேலை கிடைத்தும் இந்தப் பெண்களுக்கு அடக்கமில்லையே” என்று சொல்லிவிடுவது எத்தனை சுலபம்!

நடந்தது என்ன? விடுதியில் உண்ட உணவினால் ஏராளமான பெண்கள் நோய்ப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. அது உண்மையல்ல. ஆனாலும் உடன் தங்கியிருந்த தோழி எங்கே, எப்படி இருக்கிறாள் என்ற நல்ல செய்தி உரிய நேரத்தில் வராவிட்டால், கெட்ட செய்தியை மனம் நம்பிவிடுகிறது. வண்டிக்குள் இருந்தவருக்கும் சாலையில் இருந்தவருக்கும் குறை ஒன்றே: முழு விவரம் கிடைக்கவில்லை.

பின்பு ஆப்பிள் நிறுவனமே விசாரித்து, சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் விதிகளின்படி இல்லை என்று அறிவித்தது. ஆலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. மூடப்பட்டிருந்த ஆலை 2022 ஜனவரி 12-ந் தேதி மறுபடியும் இயங்கத் தொடங்கியது. 2024 ஆகஸ்ட் 17-ந் தேதி வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. அந்தப் பெண்களை அடங்காதவர்கள் என்று மட்டும் எண்ணிக் கடந்து போயிருந்தால், அவர்கள் உண்ட உணவையும் படுத்த இடத்தையும் யார் விசாரித்திருப்பார்கள்?

அப்படியானால் நன்மை தீமையை நாம் நிதானிக்கவே கூடாதா? ஆண்டவர் அப்படிப் போதிக்கவில்லை. முதலாவது நம் கண்ணிலுள்ள உத்திரத்தை எடுத்துப்போட வேண்டும். பிறகுதான் சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்க வகை தெரியும் என்றார் (மத்தேயு 7). துரும்பை எடுப்பதும் அன்பின் வேலையே. நிக்கொதேமுவும் ஒருவனுடைய வாய்ப்பேச்சைக் கேட்டு, அவன் செய்கையை அறிவதற்கு முன்னே அவனை ஆக்கினைக்குட்படுத்தலாமா என்றுதான் சபையாரைக் கேட்டான் (யோவான் 7).

ஏலியிடமும் ஒரு நற்குணம் இருந்தது. அன்னாள் தன் மனக்கிலேசத்தைச் சொன்னபோது அவன் செவிகொடுத்தான். தான் முன் சொன்னதையே பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. கடிந்துகொண்ட அதே வாயினால் அவளை ஆசீர்வதித்து அனுப்பினான். இந்தக் கிருபை நமக்கும் வேண்டும்.

உங்கள் சபைக்கு அருகிலுள்ள வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் வெளியூர்ப் பிள்ளைகள் தங்கியிருக்கலாம். இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வருகிற பெண்ணைப் பார்த்து அக்கம்பக்கத்தார் ஏதாவது சொன்னால், அதை நம்புவதற்கு முன் அவளிடம், “சாப்பிட்டாயா அம்மா?” என்று கேளுங்கள். மீதிக் கதையை அவளே சொல்லுவாள்.

ஜெபிப்போம்: தொழிற்பகுதியில் வேலை செய்யும் வாலிபப் பிள்ளைகளின் சரீர சுகத்திற்காகவும், அவர்கள் தங்குமிடங்களின் பாதுகாப்பிற்காகவும், கேட்பதற்குத் தீவிரமான செவியை நமக்குத் தரும்படியாகவும் கர்த்தரை நோக்கி மன்றாடுவோம்.