உங்களுக்குத் தெரியுமா? – 214,74,83,647

ஒரே மூச்சில் சொல்லுங்கள் பார்ப்போம்: இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூன்றாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. சாதாரண எண் இல்லை இது. பகா எண்! 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதற்கும் மசியாது!

ஜனவரி 1-ம் தேதி உண்டியலில் ஒரு ரூபாய் போடுங்கள். மறுநாள் இரண்டு. அடுத்த நாள் நான்கு. தினமும் இரட்டிப்பு! 31-ம் தேதி ராத்திரி உடைத்து எண்ணினால், மிகச் சரியாக 214,74,83,647 ரூபாய்! கடைசி நாள் போடவேண்டியது மட்டும் 107,37,41,824 ரூபாய். (அவ்வளவு பெரிய உண்டியல் எங்கே கிடைக்கும் என்று எங்களைக் கேட்காதீர்கள்!)

கம்ப்யூட்டர் பாஷையில் எழுதினால் இது வெறும் 1-களின் ஊர்வலம். வரிசையாக 31! நடுவே ஒரு பூஜ்யம்கூடக் கிடையாது!

இது பகா எண்தான் என்று நிரூபணமான ஆண்டு 1772. நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர். அதிகபட்சம் 372 வகுத்தல்களில் விஷயம் முடிந்தது! அப்போது அவருக்குக் கண்பார்வை கிட்டத்தட்ட முழுக்கப் போயிருந்தது!

அவருக்கு முன்பே, 1603-ல், இத்தாலியின் கத்தால்தி ஒரு போடு போட்டார். இரண்டை 23, 29, 31, 37 தடவை பெருக்கி ஒன்றைக் கழித்தால் நான்குமே பகா எண்களாம். மூன்று பணால்! தேறியது 31 மட்டும். அதுதான் நம்ம ஆள்!

இன்னொரு வேடிக்கை. இதை அந்தக் கடைசி நாள் உண்டியல் தொகையால் பெருக்குங்கள். வருவது 2305843008139952128. தன்னைத் தவிர இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் 61. எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதே 2305843008139952128!

‘இதுபோல இதைவிடப் பெரிதாக ஒன்றை இனி யாரும் தேட மாட்டார்கள், பிரயோஜனம் இல்லாத வேலை’ என்ற ரீதியில் 1811-ல் எழுதிவைத்தார் ஆங்கிலேயர் பார்லோ. பாவம்! 1883-ல் ருஷ்யக் கிராமத்துப் பாதிரியார் பெர்வூஷின் உழைப்பால் 37 இலக்கத்தில் ஒன்று சிக்கியது. 2024 அக்டோபரில் சிக்கியதற்கோ 8,20,48,640 இலக்கங்கள்!

பிரயோஜனம் இல்லையா? ‘கங்னம் ஸ்டைல்’ பாட்டைக் கேளுங்கள்! எத்தனை தடவை பார்த்தார்கள் என்று எண்ணும் யூடியூப் மீட்டரின் உச்சவரம்பே முன்பு 214,74,83,647-தான். 2014-ல் பாட்டு அதை நெருங்க, மீட்டரையே மாற்றியாயிற்று. புது உச்சவரம்பு 19 இலக்கம்!

பழைய ரகக் கம்ப்யூட்டர்கள் பல 1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் எண்ணிக்கையும் இதே எண்ணோடு சரி! அந்த நொடி, நம்மூர் நேரப்படி, 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடி. திருத்தாமல் விட்டால் அடுத்த நொடியே கம்ப்யூட்டர் தாவிப் போய் நிற்கும் வருடம்... 1901!