சிறு உறுப்புகளை வரிசைப்படுத்தும் அதிர்வுக் கருவி

சிறுதொழில்களில் பொருளை உருவாக்குவதற்கு ஆகும் நேரத்தைவிட, அதனை எடுத்து உரிய இடத்தில் உரிய திசையில் வைப்பதற்கு ஆகும் நேரம் பல சமயங்களில் மிகுதியாக இருக்கும். திருகாணி, வளையம், தீக்குச்சி போன்ற சிறு உறுப்புகளைக் கையாளும் பட்டறைகள் அனைத்திற்கும் இது பொருந்தும். இவ்வேலையைச் செய்யும் எளிய கருவி ஒன்றை உள்ளூரிலேயே அமைத்துக்கொள்ள முடியும். அக்கருவி பரவாமற் போனால் விளையும் தீங்கு எத்தகையது என்பதைத் தமிழகத் தீப்பெட்டித் தொழிலின் வரலாறு காட்டுகிறது.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். அவர்கள் தொடங்கிய தொழில் சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களிலும் பரவியது. குச்சியின் நுனியை மருந்தில் முக்குவதற்கு முன், குச்சிகள் ஒன்றையொன்று தொடாதவாறு சட்டத்தில் செருகப்பட வேண்டும். சட்டம் ஒன்றில் சுமார் 50 பட்டைகளும், பட்டை ஒவ்வொன்றிலும் சுமார் 50 குச்சிகளுமாக ஏறத்தாழ 2,500 குச்சிகள் இடம்பெறும். இவ்வளவையும் கையால் அடுக்க வேண்டியிருந்தது. சிறு விரல்கள் விரைந்து அடுக்கும் என்ற எண்ணத்தாலும், கூலி குறைவு என்பதாலும், குடும்பங்களின் வறுமையாலும் இவ்வேலையில் சிறுவர் சிறுமியர் பெருமளவில் ஈடுபடுத்தப்பட்டனர்.

குச்சிகளைத் தாமாகவே வரிசையில் நிற்கச் செய்யும் வழி அறிவியலுக்குப் புதிதன்று. அதிர்வுத் தட்டு என்னும் கருவியின் அமைப்பு பின்வருமாறு. கனமான இரும்புத் தகடு ஒன்று ரப்பர்க் கால்களின்மீது அடித்தளமாக அமையும். அதன்மேல் இலேசான தட்டு ஒன்று, முன்னும் பின்னும் உள்ள எஃகுப் பட்டை வில்களால் தாங்கப்படும். இவ்வில்கள் செங்குத்தாக நில்லாமல், ஏறத்தாழ 20 பாகை பின்புறம் சாய்ந்திருக்க வேண்டும். அடித்தளத்தில் ஒரு மின்காந்தமும், அதற்கு எதிரே தட்டின் அடியில் ஒரு மெல்லிரும்புத் துண்டும் மிகக் குறைந்த இடைவெளியில் பொருத்தப்படும்.

மின்காந்தம் தட்டைக் கீழ்நோக்கியும் பின்நோக்கியும் இழுக்கிறது. இழுப்பு தளர்ந்ததும் வில்கள் அதனை மேல்நோக்கியும் முன்நோக்கியும் தள்ளுகின்றன. தட்டின்மீதுள்ள உறுப்பு ஒவ்வொரு தள்ளுதலிலும் நூலளவு முன்னேறுகிறது. நம் நாட்டு மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்றுகள் கொண்டது. ஆகவே காந்தம் விநாடிக்கு 100 முறை இழுக்கும். இடையில் ஒரு டையோடு இணைத்தால் அது 50 ஆகக் குறையும். வில்களின் இயல்பான அதிர்வு இந்த எண்ணிக்கையை நெருங்கும்வரை பட்டைகளைக் கூட்டியோ குறைத்தோ பார்க்க வேண்டும். பொருத்தம் அமைந்துவிட்டால் சிறிதளவு மின்சாரத்திலேயே உறுப்புகள் நீரோட்டம்போல் நகரும்.

திசை திருத்துவது தட்டின் வடிவத்தைப் பொறுத்தது. குச்சியின் பருமனுக்கேற்ற பள்ளங்கள் இருந்தால் நேராகக் கிடக்கும் குச்சி அவற்றில் இறங்கும். குறுக்கே கிடப்பது ஓரத்து வெட்டின் வழியாகத் தொட்டியில் திரும்ப விழும். திருகாணிக்குத் தண்டின் பருமனைவிடச் சற்று அகன்ற பிளவு போதும். தண்டு கீழே தொங்க, தலை மேலே தங்கும். ஒன்றின்மேல் ஒன்றாக வரும் வளையங்களைத் தாழ்வான தடுப்பு ஒன்று தள்ளிவிடும். மின்காந்தச் சுருளை வீட்டு மின்சாரத்தில் நேரடியாக இணைக்காமல், மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி வழியாக இணைப்பதும், நிலத்தொடர்பு கொடுப்பதும் கட்டாயம். தீப்பெட்டி ஆலையில் இக்கருவி மருந்துக் கூடத்திலிருந்து விலகியே இருத்தல் வேண்டும்.

இத்துணை எளிய கருவி ஏன் காலந்தாழ்த்தி வந்தது? மலிவான உழைப்பு ஒரு காரணம். வரி முறை மற்றொன்று. சட்டம் நிரப்புதல், மருந்தில் முக்குதல், பெட்டியில் நிரப்புதல் முதலியவற்றை மின்விசையின்றிச் செய்த ஆலைகளுக்கு மத்திய கலால் வரியில் சலுகை இருந்தது. கைத்தொழிலைக் காக்கும் நல்ல நோக்கமே எனினும், ஒரு சிறு மோட்டாரைப் பூட்டினாலும் சலுகை போய்விடும் என்ற நிலையை அது உண்டாக்கியது. 2017இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரியிலும் கைத்தயாரிப்புக்கு 5 சதவிகிதம், ஏனையவற்றுக்கு 18 சதவிகிதம் என இவ்வேறுபாடு தொடர்ந்தது. 2020 ஏப்ரலில் இரண்டும் 12 சதவிகிதமாக ஒன்றாக்கப்பட்டன.

இதற்கிடையே, 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், சிவகாசி தொடர்பான வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் வேலையளிப்போரின் கணக்கை மாற்றின. சட்டத்தை மீறி வேலைக்கு அமர்த்தப்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் வேலையளிப்பவர் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என அத்தீர்ப்பு ஆணையிட்டது. சட்டம் நிரப்பும் பொறிகளும் நாளடைவில் ஆலைகளில் இடம்பெற்றன.

இங்கே மற்றொரு கேள்வி எழுகிறது. கையால் அடுக்கிப் பிழைத்தவர்களில் பெண்களே மிகுதி. கருவி வந்தபின் அவர்களுடைய கூலி என்னாகும்? கருவியை ஆலை உரிமையாளர் மட்டுமே வாங்கக்கூடுமாயின் ஆதாயம் அவருக்கே சேரும். தொழிலாளர் கூட்டுறவோ மகளிர் குழுவோ அதனைச் செய்துகொள்ளக்கூடுமாயின் அதே பெண்கள் கருவியை இயக்குவோராக உயரலாம்.

இதற்குத் தொலைதூர நகரங்களை நம்ப வேண்டியதில்லை. தமிழகத்தை ஒட்டிய தென்கேரளத்தின் திருப்புறம் வட்டாரத்தை எடுத்துக்கொண்டால், தனுவச்சபுரம் அரசுத் தொழிற்பயிற்சி நிலையமும் நெய்யாற்றின்கரை அரசுப் பாலிடெக்னிக்கும் அருகிலேயே உள்ளன. கடைசல், பற்றவைப்பு, மின்சுருள் சுற்றுதல் ஆகிய மூன்று திறன்களே இக்கருவிக்குப் போதும். மாணவர் தம் செயல்முறைப் பயிற்சியாக ஆண்டுக்கு ஒரு கருவியை அண்டையிலுள்ள சிறுதொழிலுக்கென அமைத்துத் தரலாம். மாவட்டத் தொழில் மையங்கள் சிறுகடன் விண்ணப்பங்களை ஆராயும்போது, கருவியால் மிச்சமாகும் நேரத்தோடு, அதனை இயக்கப் போகிறவர் யார் என்பதையும் சேர்த்துக் கேட்பது நலம். அவ்விரு விடைகளும் ஒத்துவரும் இடத்திலேயே இத்தகைய கருவி வளர்ச்சிக்கு உதவும்.