இடம் கொடுத்தது கொல்கத்தா. ஏற்க மறுத்தது தில்லி

புது தில்லி: பாதிப் படிப்பை ஓரிடத்தில் முடித்தவர், மீதியை வேறிடத்தில் தொடர்வது கலை, அறிவியல் கல்லூரிகளில் புதிதல்ல. மருத்துவத்தில், அதுவும் வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு அது எத்தனை கடினம் என்பதை 2022-ல் கொல்கத்தா கண்டது.

அந்த ஆண்டு பிப்ரவரி 24-ம் தேதி உக்ரைன் மீது ரஷியா படையெடுத்தது. அங்கிருந்து மேற்கு வங்கம் திரும்பிய 422 மாணவர்களுக்கு மாநில அரசே வழி செய்யும் என முதல்வர் மம்தா பானர்ஜி ஏப்ரல் 28-ல் அறிவித்தார். ஆறாம் ஆண்டினருக்கு அரசு மருத்துவக் கல்லூரிகளில் பயிற்சி மருத்துவர் பணி. நான்காம், ஐந்தாம் ஆண்டினருக்குப் பார்வையாளராக இருக்க அனுமதி. இரண்டாம், மூன்றாம் ஆண்டினருக்குச் செய்முறை வகுப்பு. முதலாமாண்டினரில் நீட் தகுதி பெற்றவர்களுக்குத் தனியார் கல்லூரிகள்.

அறிவிப்பு எளிது, பொருந்துவது எளிதல்ல. உக்ரைனில் மருத்துவப் படிப்பு ஆறாண்டு. இங்கே நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டுப் பயிற்சியும். பாட வரிசையும் வேறு என்பதால் அங்கே மூன்றாம் ஆண்டில் இருந்தவர் இங்கு எந்த ஆண்டில் அமர்வது என்பதே சிக்கல். மலேரியா, டெங்கு, காலா அசார் என வங்கத்து மருத்துவமனைகளுக்குப் பழகிய நோய்களை உக்ரைன் நாட்டு வார்டுகளில் காண்பது அரிது. ஒன்றில் மட்டும் சுமை குறைவு. அங்கே நோயாளியிடம் பேச உக்ரைன் மொழியோ ரஷிய மொழியோ கற்க வேண்டியிருந்தது. இங்கு நோயாளியின் மொழி தாய்மொழி.

ஆனால் பார்வையாளர் என்பவர் யார்? நோயாளியின் கட்டிலருகே நிற்கலாம். அக்கல்லூரியின் மாணவர் அல்லர். பட்டம் தரும் பல்கலைக்கழகமோ போர்முனையிலிருந்து இணைய வழியில் பாடம் நடத்திக் கொண்டிருந்தது.

மருத்துவமனை மாநிலத்துடையது, மருத்துவக் கல்வியின் தரம் குறித்த சட்டம் நாடாளுமன்றத்துடையது. மேற்கு வங்கத்தின் முடிவு விதிகளுக்கு முரணானது என்றது தில்லி. வெளிநாட்டில் படிப்பவர் முழுப் படிப்பையும் ஒரே கல்வி நிறுவனத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி. வெளிநாட்டு மாணவரை இந்தியக் கல்லூரிக்கு மாற்ற 1956-ம் ஆண்டுச் சட்டத்திலும் 2019-ம் ஆண்டுச் சட்டத்திலும் இடமில்லை என்று ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசு பதிலளித்தது. தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலினும் தமது மாநில மாணவர்களுக்காகப் பிரதமருக்குக் கடிதம் எழுதியிருந்தார். ஆகஸ்டில் வெளியுறவுத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு, ஒரு முறை சலுகையாக இவர்களைத் தனியார் கல்லூரிகளில் சேர்க்கலாம் எனப் பரிந்துரைத்தது. ஆளும் கட்சி உறுப்பினர் தலைமையிலான குழுவின் பரிந்துரையே எடுபடவில்லை.

செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசு தாக்கல் செய்த பதில் மனு பெற்றோரைப் புண்படுத்தியது. நீட் தேர்வில் குறைந்த மதிப்பெண், கட்டணத்தில் சலுகை ஆகியவையே இவர்கள் வெளிநாடு செல்லக் காரணங்கள் என்றது அது. இரண்டாவது காரணம் மாணவரின் குறையா, நம் தனியார் கல்லூரிகளின் குறையா என்பதை அரசு யோசித்திருக்கலாம். பட்டத்தை உக்ரைன் பல்கலைக்கழகமே தர வேண்டும் என்ற நிபந்தனையுடன், வேறு நாடுகளில் படிப்பைத் தொடர்வதற்குத் தேசிய மருத்துவ ஆணையம் அதே மாதம் ஆட்சேபமின்மை தெரிவித்தது.

2023 மார்ச்சில் இறுதியாண்டினருக்கு மட்டும் கதவு திறந்தது. இந்தியக் கல்லூரியில் சேராமலே எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வின் இரு பகுதிகளையும் எழுதலாம். பின்னர் ஈராண்டு பயிற்சி, அதில் முதலாண்டுக்கு ஊதியமில்லை.

இடையாண்டுகளில் இருந்தவர்களில் பலர் மறுபடியும் விமானம் ஏறினர். உஸ்பெகிஸ்தானின் சமர்கண்ட் மருத்துவப் பல்கலைக்கழகம் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைச் சேர்த்துக் கொண்டது. இன்னொரு நாடு, இன்னொரு மொழி, இன்னொரு பாடத்திட்டம். 2021 இறுதியில் உக்ரைனில் முதலாமாண்டு சேர்ந்தவர் ஓராண்டும் இழக்காமல் படித்தாலும் பட்டம் பெறுவது 2027-ல். அதன் பிறகும், இந்தியாவில் மருத்துவராகப் பதிவு செய்யத் தகுதித் தேர்வு எழுதியாக வேண்டும்.